கொடுவாயின் குற்றமா?

புதுவையினின்று சென்னை செல்லும் கடற்கரைச் சாலையில் உள்ளது முட்டுக்காடு. அங்கே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1997ஆம் ஆண்டில் கொடுவா மீனை அடைப்பில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தனர். அக்குஞ்சுகளை வளர்ப்போர் ஓர் உண்மையை நன்கறிவர். சிறியதும் பெரியதும் ஒரே தொட்டியில் நெருங்கியிருந்து, இரையும் குறைந்துவிட்டால், பெரியது தன் உடன்பிறப்பையே விழுங்கிவிடும். அளவு பார்த்துப் பிரித்து, வேளை தவறாது இரையிட்டு வந்தால் அக்கொடுமை பெரிதும் குறையும்.

விழுங்குவது அதன் பிறவிக் குணமன்றோ எனலாம். உண்மையே. ஆயினும் கடலில் எளியதற்குத் தப்பியோட இடமுண்டு, தொட்டியில் அதுவில்லை. ஆகவே அங்கு நேரும் அழிவுக்கு அடைத்து வைத்தவனே பொறுப்பாளி. கைவசமுள்ள உயிர் அமானிதமன்றோ?

மனிதன் நன்மை தீமை பகுத்தறிபவன்; தன் செயலுக்குத் தானே விடை கூற வேண்டியவன். எனினும், பிள்ளைகளின் குணத்தைப் பழிக்குமுன், அவர்களை நாம் எவ்விதம் வளர்த்தோம் என்பதையும் எண்ணிப் பார்ப்போமாக!