ரிலீவர் வராத காலை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடிகிற நேரம், உள்ளே இருப்பவர்களின் பார்வையெல்லாம் கேட்டின் மேல்தான். அடுத்த ஆள் வந்தால்தான் நிற்கிற ஆள் வீடு போக முடியும். கொதிக்கும் இரும்பை உலையில் அப்படியே விட்டுவிட்டு யாரும் பஸ் ஏற முடியாது. வரவேண்டியவர் மெடிக்கல் லீவு என்று தகவல் வந்தால், எட்டு மணி நேரம் நின்ற கால்கள் இன்னும் எட்டு மணி நேரம் நிற்கும்.

லீவு போட்டவர் எங்கே? வீட்டில் படுத்திருக்கலாம். பொன்னேரி ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டிக்கொண்டும் இருக்கலாம். மச்சானின் டெம்போவில் லோடு ஏற்றப் போயிருக்கலாம். நடவு நேரமென்றால் சொந்த வயலில் நிற்பார். ஊரறிந்த சங்கதி. "பொய் சொல்லி லீவு போட்டான்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். எனக்கு அந்தத் தீர்ப்பு ஒப்பவில்லை.

அவருக்கு உடம்பு சரியில்லை என்பது பல நேரம் உண்மையே. ஒரு வாரம் இரவில் விழிப்பு, மறு வாரம் பகலில்; தூக்கம் எந்தப் பக்கமும் ஒட்டுவதில்லை. உலைச் சூடு ஒருபுறம், "டார்கெட் என்னாச்சு?" என்ற அதட்டல் மறுபுறம். கேட்டை நெருங்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் இதற்கு என்ன பெயர் சொல்வது? முதுகுவலி என்கிறார். டாக்டர் மூன்று நாள் ரெஸ்ட் எழுதுகிறார். மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்ல இன்னும் கூச்சம். சொன்னால் லைன் முழுக்கப் பேச்சாகிவிடும். மறுநாள் ஆட்டோவில் உட்கார்ந்ததும் அவருக்கு மூச்சு வருகிறது. அங்கே விரட்ட ஆளில்லை. நினைத்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டி டீ குடிக்கலாம்.

பணக் கணக்கும் இருக்கிறது. மாதம் 15,000 ரூபாய் வாங்குபவரிடம் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், அதாவது சுமார் 113 ரூபாய் பிடிக்கிறார்கள். நோயில் விழுந்தால் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், ஆண்டுக்கு 91 நாள் வரை. பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. ஆக, மூன்று நாள் ரெஸ்ட்டில் ஒரு நாளுக்குத்தான் பணம். நாள் சம்பளம் 500 என்றால் 350 ரூபாய். வாடகையும் சீட்டுத் தவணையும் 70 சதவீதத்தோடு நிற்குமா? ஆகவே டாக்டர் எழுதிக் கொடுத்த ஓய்வை அவர் வெளியே விற்றுவிடுகிறார்.

சட்டம் இதைத் தடுத்திருக்கிறது. உதவித்தொகை பெறும் நாளில் வேலை செய்யக் கூடாது, குணமாவதைக் கெடுக்கும் எதையும் செய்யக் கூடாது என்றது 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம். அதே ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஓர் ஆலையில் வேலை செய்த அன்றே இன்னோர் ஆலையில் அவரை வேலைக்கு விடக் கூடாது என்று 60-ஆவது பிரிவில் சொன்னது. அந்தப் பிரிவு இருந்த இடத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அது ஒழுங்கு நடவடிக்கைகளின் நடுவே இருக்கவில்லை. நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டிய வேலை நேர அத்தியாயத்தில் இருந்தது. 2022-இல் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை ஐ.டி. நிறுவனமான விப்ரோ நீக்கியபோது, நாடெங்கும் பேச்சு நாணயத்தைப் பற்றியே இருந்தது. 1948-இல் சட்டம் எழுதியவர்கள் அதற்கு முந்தைய ஒன்றைப் பார்த்தார்கள். ஆலை இரண்டானாலும் போய் நிற்கும் உடம்பு ஒன்றுதான்.

அந்த உடம்பை வைத்துப் பார்த்தால், முதலாளிக்கு நேர்ந்த நஷ்டம் சிறிது. ஓயாத கைகள் மூன்று நாள் கழித்து அதே உலைக்கு முன்னால் திரும்பி வருகின்றன. அங்கே ஒரு கணக் கண்ணயர்வு போதும், விபத்துக்கு. இரட்டை ஷிப்ட் நின்றவரோ அவரைப் போலவே 15,000 வாங்குபவர். உதவித்தொகை வரும் நிதியிலும் அவருடைய 113 ரூபாய் இருக்கிறது.

ஓய்வு யாரும் போட்ட பிச்சையல்ல. 1923 மே 1 அன்று தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன. அந்த மே தினத்திலேயே திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இப்படிக் காத்த நேரத்தை நாமே மூன்று நாள் ஆட்டோ வாடகைக்கு விட்டுவிடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

ஷிப்ட் போடும் அதிகாரிகளே, லைனுக்கு ஓர் ஆளைக் கூடுதலாக வையுங்கள்; லீவு கேட்டு வருபவரைக் குற்றவாளியைப் போலப் பார்க்காதீர்கள். தம்பி, லீவு கிடைத்தால் முதலில் தூங்கு. டாக்டரிடம் முதுகுவலி என்று மாற்றிச் சொல்லாதே. தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்றே சொல். தேறியதும் நேரத்துக்குக் கேட்டுக்கு வந்துவிடு. உள்ளே நிற்கிறவரும் வீட்டுக்குப் போக வேண்டும்.