எவரைத் தலைவராக்குவது?



சென்ற நோன்புப் பெருநாளுக்குச் சில தினங்கள் முன்னதாக என் தங்கை கடைக்கு வந்து, "நானா, இந்தக் காசை நான் தொடலாமா?" என்று கேட்டாள். அமெரிக்காவில் மேற்படிப்புப் படிக்கும் அவள் மகன் 600 வெள்ளி அனுப்பியிருந்தான். உழைத்த காசு அன்று, ஒரு போட்டியில் கிடைத்தது என்று அவனே சொல்லிவிட்டான். மறைக்காமல் சொன்னானே, அந்த மட்டில் நல்ல பிள்ளை. ஹலாலா, ஹராமா என்று தீர்ப்புக் கூறுவது ஆலிம்களின் பொறுப்பு. மத்ரஸாவில் நாலு கிதாபு ஓதிய கடைக்காரன் அதில் தலையிடுவது அழகல்ல. ஆனால் மருமகன் தொலைபேசியில் எனக்கு எடுத்துச் சொன்ன நியாயம் முழுக்க வியாபார நியாயமாக இருந்தபடியால், வியாபாரிகளாகிய நாம் அதைத் தராசில் வைத்துப் பார்ப்பது தகும் என்று இதை எழுதலானேன்.

விஷயம் இதுதான். அமெரிக்கர்கள் கால்பந்து என்பது நாம் திடலில் பார்க்கும் பந்தாட்டம் அல்ல; நீள்வட்டப் பந்தைக் கையால் எறிந்தும் சுமந்தும் ஆடுவது. 'டிராப்ட் கிங்ஸ்' போன்ற நிறுவனங்கள், ஒரே ஓர் ஆட்டத்தை வைத்துப் போட்டி நடத்துகின்றன. கட்டணம் செலுத்தியவர் கையில் 50,000 டாலர் கற்பனைப் பணம் தருவார்கள். அதைக் கொண்டு அன்று ஆடும் இரு குழுக்களிலிருந்தும் ஆறு பேரை 'வாங்க' வேண்டும். அவர்கள் மெய்யாக ஆடி எடுக்கும் கஜங்களுக்கும் புள்ளிகளுக்கும் தக்கபடி நமக்குப் புள்ளி. அந்த அறுவரில் ஒருவரைத் தலைவர் என்று குறிக்க வேண்டும். தலைவரின் புள்ளி ஒன்றரை மடங்காகும். அவர் விலையும் ஒன்றரை மடங்கு. 10,000க்குக் கிடைப்பவரைத் தலைவராக்கினால் 15,000 போய்விடும், மீதி 35,000ல் ஐந்து பேரை முடிக்க வேண்டும். கொள்முதல் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதன்று.

பந்தை எறிகிற 'குவார்ட்டர்பேக்' என்பவரே எல்லாருக்கும் முதலில் கண்ணில் படுவார். ஆனால் அவர் எறிந்து டச்டவுன் ஆனால் அவருக்கு 4 புள்ளி, பிடித்தவருக்கு 6. பிடித்தவருக்கு ஒவ்வொரு பிடிக்கும் ஒரு புள்ளி வேறு உண்டு. 2019 பிப்ரவரி 3ல் அட்லாண்டாவில் நடந்த சூப்பர் பௌல் ஆட்டத்தை மருமகன் உதாரணம் காட்டினான். நியூ இங்கிலாந்து 13, லாஸ் ஏஞ்சல்ஸ் 3. பேர்பெற்ற டாம் பிரேடி 262 கஜம் எறிந்தும் ஒரு டச்டவுன் இல்லை, ஒரு பந்தை எதிரியிடம் பறிகொடுத்தார். அந்தக் கணக்கில் அவருக்குப் பத்துப் புள்ளிகூடத் தேறாது. அவர் எறிந்ததைப் பிடித்த ஜூலியன் எடெல்மன் 10 பிடி, 141 கஜம். அவரைத் தலைவராக்கியவர்களுக்கு அவர் ஒருவராலேயே 40க்கு மேல் வந்திருக்கும்.

இம்மட்டும் கூர்ந்த மதி என்றே சொல்லலாம். இதற்கு மேல்தான் எனக்கு இடறிற்று. பெரிய போட்டிகளில் ஆயிரக்கணக்கானோர் சேருகிறார்கள். ஒரே அறுவரை ஒரே தலைவரோடு நூறு பேர் எடுத்திருந்தால், முதற்பரிசு அந்த நூறு பேருக்குள் பங்காகிவிடும். ஆகையால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் "எவர் சிறப்பாக ஆடுவார்?" என்பதோடு நிற்பதில்லை; "எவரை மற்றவர்கள் தலைவராக்க மாட்டார்கள்?" என்றும் பார்க்கிறார்கள். தாம் முழுதும் நம்பாத ஒருவரை, பிறர் அவரை இன்னும் குறைவாக நம்புகிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காகத் தலைவராக்குகிறார்கள். வேறெவரோடும் ஒத்துப்போகாமல் இருப்பதற்காக, 50,000ல் ஒரு பகுதியை வேண்டுமென்றே செலவழிக்காமல் விடுவாரும் உண்டாம்! கைமுதலைச் சும்மா வைத்து லாபம் தேடும் வணிகத்தை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

தலைவர் என்ற சொல் நமக்குக் கனமானது. பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு ஒருவரைத் தெரிவு செய்யும்போது, "இவருக்கு எவரும் கை தூக்கமாட்டார், ஆகவே நான் தூக்குகிறேன்" என்று எவராவது சொன்னால் அவரை என்னவென்போம்? ஆனால் விளையாட்டில் அது பேர் மட்டுமே. ஆடுகிற அந்த மனிதருக்குத் தாம் எத்தனை பேருக்குத் தலைவர் என்பதே தெரியாது.

இதைச் சொன்னபோது மருமகன் மடக்கினான். "மாமா, ஒரு பெருநாளைக்குக் கடைத்தெருவில் எல்லாரும் பச்சைக் கைலியாக வாங்கி அடுக்க, நீங்கள் மாத்திரம் ஊதா வாங்கவில்லையா? ஊதாதான் அழகு என்றா வாங்கினீர்கள்? மற்றவரிடம் இல்லை என்றுதானே?" உண்மை, அப்படித்தான் வாங்கினேன். ஒரு நாழிகை பதில் வரவில்லை.

பின்பு யோசித்துப் பார்த்தேன். எனக்கும் அடுத்த கடைக்காரருக்கும் நடுவே மூன்றாம் மனிதர் ஒருவர் இருக்கிறார். ஊதாக் கைலி வேண்டி வந்தவர். என் கணிப்பு பலித்தால் அவருக்குக் கைலி, எனக்குக் காசு. அந்தப் போட்டியில் அப்படி ஒருவர் இல்லை. பலர் கட்டிய பணத்தில் நடத்துகிறவர் தம் பங்கை எடுத்துக்கொள்ள, மீதி சிலர் கைக்குப் போகிறது. என் மருமகனின் 600 வெள்ளியில் எவரோ ஒருவருடைய வீட்டு வாடகையும் இருக்கக்கூடும்.

"சூது அல்ல, திறமை" என்கிறான் அவன். சட்டமும் ஓரளவு அவன் பக்கமே. 2022ல் நியூயார்க் மாநிலத்தின் உயர் முறையீட்டு மன்றம், இத்தகைய போட்டிகளில் திறமையே மேலோங்குகிறது, சூதாட்டம் ஆகாது என்றது. ஆனால் 7 நீதிபதிகளில் 3 பேர் உடன்படவில்லை. 2006ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தந்த விலக்கோ, பல ஆட்டங்களின் முடிவைச் சேர்த்துக் கணிப்பதற்கே. ஒரே ஆட்டத்துக்கு அது பொருந்துமா என்பது வக்கீல்களுக்கு நல்ல தீனி. இருக்கட்டும், திறமை என்றே ஒப்புக்கொள்வோம். 2015ல் மக்கின்ஸி நிறுவனத்தார் பேஸ்பால் போட்டிகளை ஆராய்ந்தபோது, லாபத்தில் 91 சதவீதம் 1.3 சதவீத ஆட்டக்காரர்களுக்கே போயிருந்தது. குருட்டு அதிர்ஷ்டமாக இருந்தால் ஏழைக்கும் ஒரு நாள் விழும். திறமை என்றால், தெரிந்தவர் தெரியாதவரை அழைத்து உட்காரவைத்துச் சட்டைப்பையைத் துழாவுவதாகிறது. அவன் சொல்லும் நியாயம் எனக்கு ஆறுதலுக்குப் பதில் அச்சத்தையே தருகிறது.

ஆயினும் என் கையும் சுத்தமென்று நான் மார்தட்ட இயலாது. ஒரு வருஷம், எதிர்க்கடைக்காரரின் பேரீச்சம்பழச் சரக்கு துறைமுகத்தில் தாமதமாகும் என்று காதில் விழுந்தது. கிடைத்த பெட்டிகளையெல்லாம் அன்றிரவே வாங்கிப் போட்டு, பத்து நாள் பொறுத்து, விலை ஏறிய பின் திறந்தேன். வாடிக்கையாளருக்குப் பழம் கிடைத்தது மெய்தான். நான் வாங்கிப் பூட்டாதிருந்தால் அவருக்கு அது மலிவாகவே கிடைத்திருக்கும். அந்தப் பத்து நாளும் என் மனம் பழத்தில் இல்லை, எதிர்க்கடையின் வெறும் பலகைகளிலேயே இருந்தது. இதை மருமகனிடம் நான் சொல்லவில்லை.

தங்கையிடம், காசை ஓர் உறையில் போட்டு வை, ஆலிம்சாவிடம் நாமிருவரும் சேர்ந்து போவோம் என்றேன். "அவன் கேள்விக்கு அவரிடம் என்ன சொல்வீர்கள், நானா?" என்றாள். கைலிக் கதையைச் சொல்வேன் என்றேன். பேரீச்சம்பழத்தையும் சேர்த்துச் சொல்வதா என்று இன்னும் முடிவு செய்தபாடில்லை.