அற்புதமின்றி, ஆபத்தின்றி

ஆண்குறியின் மொட்டையும் முன்தோலையும் அடிப்புறத்தில் இணைக்கும் மெல்லிய தோலிழையை மருத்துவ நூல்கள் ‘பிரெனுலம்’ என்று அழைக்கின்றன. கடிவாளம் என்று பொருள்படும் ‘பிரேனம்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கி.பி. முதல் நூற்றாண்டில் மருத்துவம் பற்றி எழுதிய ரோமானியரான செல்சஸ், இறுகிய முன்தோலை எதுவரை கீற வேண்டும் என்று விளக்குமிடத்தில் இந்தக் கடிவாளத்தையே எல்லையாகக் குறிக்கிறார். பேச்சுவழக்கில் இதை ‘நரம்பு’ என்று சொல்வோர் உண்டு. உணர்ச்சி மிகுந்த இடம் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதேயன்றி, அது வெறும் தோல்தான். இந்த இழை இயல்பிலேயே குட்டையாக அமைந்துவிட்டால், விறைப்பின்போது மொட்டு கீழ்நோக்கி இழுபடும், புணர்ச்சி வலிக்கும், சில வேளைகளில் இழை கிழிந்து ரத்தம் கொட்டும், ஆறிய வடு முன்னிலும் இறுகி அடுத்த கிழிசலுக்கு வழிசெய்யும். இவ்வளவு சிறிய குறைபாட்டில் சமய நெறிக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் உடல் யாருக்கு உரியது, அதை எந்த அளவுக்குத் திருத்தலாம், திருத்தியே ஆகவேண்டிய கடமை எப்போது பிறக்கிறது என்ற கேள்விகளைக் கத்தோலிக்க ஒழுக்க இறையியல் எண்ணூறு ஆண்டுகளாக நுணுகி ஆராய்ந்துவந்திருக்கிறது. அந்த ஆராய்ச்சியின் பலவீனமும் பலமும் இத்தகைய சிறு வழக்குகளில்தான் தெளிவாக வெளிப்படுகின்றன.

முதல் கேள்வி, இந்த இழையை அறுவையால் திருத்துவது உறுப்புச் சிதைப்பா என்பது. மனிதன் தன் உடலுக்கு உரிமையாளன் அல்லன், காவலன் மட்டுமே என்று கருதிய 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், முழு உடலின் நலனுக்காக மட்டுமே ஓர் உறுப்பை நீக்கலாம் என்றார். பகுதி முழுமைக்காகவே இருக்கிறது என்ற இந்த வாதம் பின்னாளில் ‘முழுமைக் கோட்பாடு’ என்று பெயர் பெற்றது. 1953 அக்டோபரில் இத்தாலியச் சிறுநீரக அறுவை மருத்துவர்களிடையே பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், உறுப்பு அப்படியே இருப்பது உடல் முழுவதற்கும் கடுமையான தீங்கு தருவதாக இருக்கவேண்டும், அத்தீங்கை வேறு வழியில் தவிர்க்கவோ குறைக்கவோ முடியாதிருக்கவேண்டும், இழப்பை நன்மை ஈடுசெய்யவேண்டும் என்று மூன்று நிபந்தனைகளை வகுத்தார்.

இந்த நிபந்தனைகளைக் குட்டை இழைக்குப் பொருத்திப் பார்ப்பவர், பொருத்த வேண்டிய தேவையே இல்லை என்பதை விரைவில் கண்டுகொள்வார். ‘பிரெனுலோபிளாஸ்டி’ எனப்படும் இந்தச் சிகிச்சையில் மருத்துவர் இழையின் குறுக்கே ஒரு சிறு வெட்டு இடுகிறார். முன்தோலைப் பின்னுக்கு இழுத்ததும் அந்த வெட்டு வாய் விரிந்து சாய்சதுரமாகிறது. அந்தச் சாய்சதுரத்தின் இரு பக்கங்களையும் சேர்த்து நெடுக்காகத் தைத்துவிடுகிறார். அகலத்தில் இருந்த தோல் நீளத்துக்கு மாறிவிடுகிறது. வெட்டி எறியப்படுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆடையைப் பிரித்துத் தைத்து நீளம் கூட்டும் தையற்காரர் செய்வதும் இதுதான். அடையாளமாகச் செய்யப்படும் விருத்தசேதனத்தைப் பற்றிய சமய வாதங்களை இங்கே இழுத்துவருவது அதனால் பொருந்தாது: அங்கே தோலை நீக்குவதுதான் சடங்கின் பொருள்; இங்கே தோலைக் காப்பதே கைவினை.

இரண்டாம் கேள்விதான் கடினமானது: செய்யலாம் என்றால், செய்தாக வேண்டுமா? மணத்துறவு பூண்ட ஒருவருக்கு இந்த இழை வாழ்நாள் முழுவதும் ஒரு பொருட்டாகாமல் போகலாம். அதே இழை கணவனொருவனுக்குக் குறைபாடாகிறது. ஆகவே குறை என்பது தோலில் மட்டும் இல்லை, அவர் ஏற்றுக்கொண்ட வாழ்க்கை நிலையிலும் இருக்கிறது. திருமணத்துக்கு முன்பே இருந்து, நிரந்தரமாகவும் நீடிக்கும் புணர்ச்சி இயலாமை திருமணத்தைச் செல்லாததாக்கும் என்பது திருச்சபைச் சட்டம். 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1084ஆம் விதி அதையே சொல்கிறது. குட்டை இழை புணர்ச்சியை முற்றிலும் தடுப்பது அரிது. தடுத்தாலும், ‘நிரந்தரம்’ என்ற சொல்லுக்கு 1198 முதல் 1216 வரை ஆட்சி செய்த மூன்றாம் இன்னொசென்ட் தந்த விளக்கம் இங்கே உதவுகிறது. ஒரு பெண்ணின் உடல் தடை பற்றிய வழக்கில், தெய்வ அற்புதமின்றி, உடலுக்கு ஆபத்தின்றி, மனித முயற்சியால் நீக்கக்கூடிய தடை நிரந்தரமானதன்று என்று அவர் தீர்ப்பளித்தார். சட்ட நூலில் புதைந்துகிடக்கும் இந்த அளவுகோலுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு: மருத்துவம் வளர வளர அதன் பொருளும் மாறும்.

பிரெஞ்சு அரசர் பதினாறாம் லூயியின் கதை இதற்குச் சான்று. 1770 மே மாதத்தில் மரி அந்த்வானெத்தை மணந்த அவருக்கு முதல் குழந்தை 1778 டிசம்பரில்தான் பிறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பிய அரசவைகள் அனைத்தும் அவருடைய படுக்கையறையைப் பற்றியே பேசின. பாரிசிலிருந்த ஸ்பானியத் தூதர் அரண்டா, 1774 ஆகஸ்டில் தன் அரசுக்கு எழுதிய கடிதத்தில், இழையின் இறுக்கமே காரணம் என்ற வதந்தியையும் சேர்த்து அனுப்பினார். 1776 தொடக்கத்தில் பாரிசின் ஓதெல்-தியூ மருத்துவமனையைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஒருவர் அரசரைப் பரிசோதித்து, சிகிச்சை தேவையில்லை என்று கூறியதை அரசி தன் தாய்க்கு எழுதினார். 1777 கோடையில் தடை நீங்கியது. அரசியைப் பற்றி எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக் எழுதி 1932இல் வெளிவந்த நூல் அறுவை நடந்ததாகவே உலகை நம்பவைத்தது. பின்வந்த வரலாற்றாளர் பலர் அதை ஏற்கவில்லை. அறுவை நடந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசர் தயங்கியிருந்தால் அன்றைய இறையியல் அவரைக் குறை கூறியிருக்காது என்பதே இங்கே முக்கியம்.

காரணம், ஸ்பானிய இறையியலாளர் டொமிங்கோ பானியெஸ் 1595இல் பெயரிட்டு நிலைநாட்டிய ஒரு வேறுபாடு. வழக்கமான வழிமுறைகளால் உடலைப் பேணுவது கடமை. வழக்கத்துக்கு மிஞ்சிய வழிமுறைகள் கடமையல்ல. மயக்க மருந்து இல்லாத காலத்தில் கத்தி படும் வலி, இரண்டாம் வகையில் சேர்ந்தது. 1846இல் பாஸ்டனில் அறுவையின்போது மயக்கத்துக்கு ஈதர் பயன்பட்டது; 1943இல் ஸ்வீடனில் லிடோகெயின் என்ற மரப்பு மருந்து உருவாக்கப்பட்டது; இன்று ஓர் ஊசியில் அந்த இடம் மரத்துப்போய், காலையில் வந்தவர் அன்றே வீடு திரும்புகிறார், சில வாரங்கள் புணர்ச்சியைத் தவிர்க்கிறார். விதி மாறவில்லை, விலக்கு மட்டும் சத்தமில்லாமல் காலாவதியாகிவிட்டது.

எஞ்சியிருப்பது வெட்கம். பழைய அறநூலோர் அதையும் எளிதாகத் தள்ளிவிடவில்லை. மறைவுறுப்பைப் பிறர் தொடுவதில் ஏற்படும் கூச்சம் தாங்க முடியாததாயின், உயிர் காக்கும் சிகிச்சையைக்கூட மறுக்கலாம் என்று ஆண் மருத்துவரை நாட நேர்ந்த கன்னிப்பெண்ணின் பொருட்டு அவர்களுள் சிலர் வாதிட்டனர். அந்த விலக்கு தன் உடலின் நலனை மட்டும் பணயம் வைப்பவருக்கு உரியது. திருமணத்தில் பணயம் வைக்கப்படுவது இருவரின் நலன். வலிக்குக் காரணம் சொல்லாமல் விலகிப்போகும் கணவனின் மௌனத்தை, தன்னை வெறுப்பதாக மனைவி வாசித்துக்கொள்ள எல்லா இடமும் உண்டு. வெர்சாய் அரண்மனையில் அந்த எட்டு ஆண்டுகளின் ஏளனத்தில் பெரும்பங்கை ஏற்றவரும் அரசிதான். சிகிச்சையை மறுக்கும் உரிமை கணவனுக்கு இருக்கலாம். காரணத்தை மனைவியிடம் மறைக்கும் உரிமை இல்லை.