மறைத்துக் கொடுப்பதும் மறைப்பதும்

மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணையைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்போம். அந்த வளாகத்திலேயே 1978 இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் உண்டு. பாம்புத் தோல் வணிகம் தடைப்பட்டுப் பிழைப்பிழந்த மக்கள், அதே கைத்திறனால் இன்று உயிர் காக்க உதவுகிறார்கள். நல்ல பாம்பையும் மூவகை விரியன்களையும் பிடித்து, துணியால் வாய்கட்டிய மண்பானைகளில் வைத்துச் சில வாரம் நஞ்செடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பை உடனே மறுபடி பிடித்து வருத்தாதிருக்கவே அந்த அடையாளம்.

இதுவரை மனம் ஒப்புகிறது. அப்பால் நடப்பதை நாம் பேசுவதில்லை. அந்த நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்தே மாற்று மருந்து செய்கிறார்கள். நம் நாட்டில் பாம்புக்கடிக்கு ஆண்டுதோறும் சுமார் 58,000 பேர் பலியாவதாக 2020 இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. வயலில் கடிபட்டவருக்கு அம்மருந்து வேண்டாமென்று சொல்ல யாருக்கு நாவெழும்?

ஆனால், நிர்ப்பந்தம் அதன் அளவுக்கே அனுமதி தரும் என்பது ஃபிக்ஹு விதி. எவ்வளவு இரத்தம் எடுக்கலாம், எத்தனை நாள் ஓய்வு, முதுமையில் யார் தீனி போடுவது? முகத்தில் சூடிடப்பட்ட கழுதையைக் கண்டு மனம் பொறாத நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத் இதைக் கேட்கத்தான் வேண்டும். திருவான்மியூர் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி மாநிலங்களவையில் எடுத்த முயற்சியே 1960 ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்துக்கு வழிவகுத்தது. அச்சட்டம் ஆய்வைத் தடுக்கவில்லை; வேண்டாத வேதனையைத் தடுக்கச் சொல்கிறது.

பணம் தந்தவர் யார் என்பது அடுத்த கேள்வி. ஆய்வறிக்கையில் அதையும் எழுத வேண்டுமென்று இங்கிலாந்தில் 2010 இல் வகுத்த நெறிகள் கூறுகின்றன. மருந்து விற்பவரே பணம் தந்து, பலிக்காத முடிவைப் பெட்டியில் பூட்டினால், அதே சோதனையை வேறோரிடத்தில் வேறு பிராணிகள் மீண்டும் அனுபவிக்கும்.

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருப்பதல்லவா சிறப்பு என்று நம் தனவந்தர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஏழையின் மானம் காக்கவும், கொடுப்பவரின் பெருமையடக்கவும் அந்த மறைவு. முடிவினால் இலாபமடைகிறவர் பெயரை மறைப்பது அப்படியன்று. நனைந்த தானியத்தை அடியில் வைத்து விற்ற வணிகரை நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் கண்டித்தார்களே, அந்த இனம். இலாபம் நாடாதவருக்கோ பகிரங்கமாகக் கொடுப்பதும் நல்லதே என்று திருமறை இடம் தந்திருக்கிறது. அவர் பெயரை எழுதச் சம்மதித்தார்.