ஒதுக்குப்புறம்

2021ஆம் ஆண்டு பங்குனி மாதத்து முதற் கிழமை. றிச்மண்ட் ஹில்லில், யங் வீதியோரத்து உணவகமொன்றின் குசினியில் இரவு வேலை முடித்துக்கொண்டிருந்தோம். கோவிட் காலம். மேசைகளில் ஆட்கள் குறைவு. பார்சல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. வேலைசெய்த நால்வரில் மூவர் வன்னியையும் யாழ்ப்பாணத்தையும் சேர்ந்தவர்கள். நாலாமவர் புத்தளத்தில் அகதிமுகாமில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் நண்பர். இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருவது அந்த மூவரையும்தான்.

கைத்தொலைபேசியில் இரணைதீவுச் செய்தி வந்தது. கோவிட்டால் இறந்த முஸ்லிம்களையும் கிறிஸ்தவர்களையும் அங்கே கொண்டுபோய்ப் புதைக்கப்போவதாக இலங்கை அரசாங்கம் அறிவித்திருந்தது. தீவு மக்களும் குருமாரும் எதிர்த்து நின்றார்கள். சில நாட்களில் அரசாங்கம் பின்வாங்கியது. அடக்கம் கிழக்கே ஓட்டமாவடிக்கு மாறியது.

நாங்கள் கைதட்டினோம். "எங்கட சனம் விடாது" என்று ஒருவர் சொன்னார். புத்தளத்து நண்பர் சட்டி தேய்ப்பதை நிறுத்தாமலே கேட்டார்: "மச்சான், கடற்படைக்கு விடாதெண்டு கைதட்டுறியளோ, எங்கட மையத்துக்கு விடாதெண்டு கைதட்டுறியளோ?"

அன்றைக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. சில வருடங்கள் தாமதமாக எழுதும் பதில் இது.

முதலில் இரணைதீவைப் பற்றிச் சொல்லவேண்டும். இரணை என்றால் இரட்டை. பூநகரிக் கரைக்கு அப்பால், கடலில் அருகருகே கிடக்கும் இரு சிறு தீவுகள் அவை. சனம் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர். மாதா கோயில், தென்னைகள், ஆடுமாடுகள், கிணறுகள். கரையோரக் கடலில் நண்டு, சங்கு, கடலட்டை. 1992இல் யுத்தம் அவர்களைக் கிளப்பியது. பெருநிலத்தில் முழங்காவிலுக்குக் கிட்ட இரணைமாதாநகரில் குடியேறினார்கள். 2009இல் யுத்தம் முடிந்தபின்பும் தீவு கடற்படையின் கையிலேயே இருந்தது. 2017ஆம் ஆண்டு வைகாசியில், பெண்கள் முன்னுக்கு நிற்க, கரையில் போராட்டம் தொடங்கியது. ஒரு வருடத்துக்குக் கிட்டக் காத்திருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. 2018 சித்திரை 23ஆம் திகதி, வள்ளங்களில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு அவர்களாகவே போய் இறங்கினார்கள். இடிந்த வீடுகளும் பற்றைகளும் அவர்களை வரவேற்றன. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பெருநிலத்துக்கே வரவேண்டியிருந்ததால், பல குடும்பங்களுக்கு வாழ்க்கை இரு கரைகளிலுமாகப் பிரிந்தது.

இப்படிப்பட்ட ஊரைத்தான் கொழும்பு 'ஒதுக்குப்புறம்' என்று கண்டது. எங்கள் கேள்வி இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. எதற்கு ஒதுக்குப்புறம்? யாருக்குத் தூரம்? அங்கே பிறந்த கிழவிக்கு இரணைதீவு உலகத்தின் நடு, கொழும்புதான் ஒதுக்குப்புறம். ஓர் ஊரை ஒதுக்குப்புறம் என்று சொன்ன பிறகு அங்கே எதையும் கொண்டுபோய் வைக்கலாம்: முகாமை வைக்கலாம், மற்றவர்களுக்கு வேண்டாத பிணங்களையும் வைக்கலாம். இருபத்தாறு வருடம் சனத்தைப் போகவிடாமல் வைத்துவிட்டு, பிறகு 'சனமில்லாத இடம்தானே' என்று சொல்வது களவெடுத்தவன் பொருளுக்குச் சொந்தக்காரன் இல்லை என்று வாதாடுவதைப் போன்றது. ஆகவே தீவு மக்கள் எதிர்த்தது நியாயம். நண்டும் மீனும் விற்றுச் சீவிக்கும் சனத்துக்கு, சந்தையில் அவற்றை ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்ற பயம் இருந்திருந்தால் அதையும் குறைசொல்ல முடியாது.

நண்பரின் கேள்வி தீவு மக்களைப் பற்றியதல்ல. பதின்மூவாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்து கைதட்டிய எங்களைப் பற்றியது.

அந்தக் கைதட்டலுக்குள் இரண்டு வசனங்கள் கலந்து கிடந்தன. 'எங்களைக் கேளாமல் எங்கள் மண்ணில் கைவையாதே' என்பது ஒன்று. 'அவர்களுடைய பிணங்கள் எங்கள் மண்ணில் வேண்டாம்' என்பது மற்றது. முதலாவது நீதி. இரண்டாவது எங்களுக்குள் கிடக்கும் ஒரு பழைய வியாதி. இரண்டும் ஒரே வாயில், ஒரே மூச்சில் வந்தால் சொல்பவனுக்கே வித்தியாசம் தெரியாமல் போய்விடுகிறது.

அந்த இறந்தவர்கள் யார் என்று நினைத்துப் பார்த்தோமா? 2020 சித்திரையிலிருந்து இலங்கையில் கோவிட்டால் இறந்தவர்களை எரிக்கவேண்டும் என்று சட்டம். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் அரசாங்கம் கேட்கவில்லை. பிறந்து இருபது நாளேயான ஒரு குழந்தையையும் எரித்தார்கள். பொரளை மயானத்து வேலியில் சனங்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். 2021 மாசிக் கடைசியில்தான் புதைக்க அனுமதி வந்தது. வந்த கையோடு, கடல் தாண்டிய இரணைதீவு என்றார்கள். வாப்பாவின் கபுறடிக்குப் போவதற்கு மகன் வள்ளம் பிடிக்கவேண்டும். முஸ்லிம்களும் இதை அவமதிப்பு என்றே சொன்னார்கள். அதாவது, இரணைதீவுச் சனமும் இறந்தவர்களின் உறவினரும் நின்றது ஒரே பக்கம். அந்தப் பக்கத்தை நாங்கள் பார்க்கவில்லை. 2024 ஆடியில் இலங்கை அமைச்சரவை இந்தக் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கேட்பதற்கு முடிவெடுத்தது. அரசாங்கமே கேட்க எண்ணியதை நாங்கள் இன்னும் கேட்கவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 1990 ஐப்பசியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்த இடம் புத்தளம். "எங்கட உம்மம்மா மவுத்தாகும்வரைக்கும், ஊர் எது எண்டால் சோனகத் தெரு எண்டுதான் சொல்லுவா" என்று நண்பர் ஒருநாள் சொன்னார். எங்களில் ஒருவருக்கும் அன்று பிறந்த வயதுதான், ஒருவர் பிறக்கவேயில்லை. 'நாங்கள் செய்யேல்லை' என்று சொல்லலாம். ஆனால் முன்னோர் நட்ட தென்னையை எங்களுடையது என்று சொல்பவர்கள், முன்னோர் பட்ட கடனை மட்டும் யாரோ பட்டது என்று சொல்ல முடியுமா? பல்கலைக்கழகத்தில் மெய்யியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்த எங்களில் ஒருவர் இதைத்தான் பலநாள் போட்டுக் குழப்பினார். சொத்தை எடுத்துக் கடனை விடும் உரிமை எந்த நூலிலும் கிடைக்கவில்லை.

போன வருடம் மாசியில் நண்பரின் மாமா இறந்துபோனார். றிச்மண்ட் ஹில்லில், லெஸ்லி வீதியோரமாக இருக்கும் முஸ்லிம் மையவாடியில் அடக்கம். நாங்களும் போனோம். பனியில் இறுகிய மண். எல்லோரும் மூன்று பிடி போட்டார்கள். நாங்களும் போட்டோம். திரும்பி வரும்போது நண்பர் சொன்னார்: "இங்க காசு கேட்டவை. எந்த ஊர் எண்டு கேக்கேல்லை."

இதை வைத்துக் கனடாவைப் புகழவேண்டியதில்லை. நாங்கள் நினைத்தது வேறு. எங்களில் ஒருவருக்கும் பூர்வீகமில்லாத மண் மாமாவை வாங்கிக்கொண்டது. பூர்வீகம் உண்டு என்று நாங்கள் சத்தம் போடும் மண்ணில், சோனகத் தெருவில் பிறந்த அவருக்கு அவருடைய இடம் கிடைக்கவில்லை.

ஓர் ஊர் எங்களுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி? மற்றவனைத் தடுக்கும் பலம் என்றால், கடற்படைக்கு எங்களைவிடக் கூடிய உரிமை உண்டு. ஊருக்காகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பதே அத்தாட்சி என்று எங்களுக்குப் படுகிறது. அங்கே நடந்த நல்லதற்கும், அங்கிருந்து துரத்தப்பட்டவருக்கும் சேர்த்து. வெள்ளைக் கொடியோடு போய் இறங்கிய பெண்கள் அந்த உரிமையை உழைத்துப் பெற்றார்கள். நாங்கள் கைதட்டி மட்டும் பெறப் பார்த்தோம்.

ஆகவே அன்றைக்கு நாங்கள் சொல்லியிருக்கவேண்டியது இதுதான்: இரணைதீவைக் கேளாமல் தொடாதே, இறந்தவர்களை அவரவர் ஊர் மையவாடியில் அடக்கம் செய்ய விடு. இரண்டையும் சேர்த்தே சொல்லியிருக்கவேண்டும். ஒன்றை விட்டால் மற்றது பொய்யாகிவிடும்.

ரொறன்ரோவில் எங்கள் ஊர்ச்சங்கங்கள் மலர்கள் வெளியிடுகின்றன. கோயில், குளம், பள்ளிக்கூடம், பெரியவர்கள் என்று எல்லாம் இருக்கும். உங்கள் ஊர் மலரை எடுத்து, 1990 ஐப்பசிக்கு முன் அந்தச் சந்தியில் தையல்கடை வைத்திருந்தவரின் பெயரைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த மலரில் அந்தப் பக்கத்தை நீங்களே எழுதலாம். நாங்கள் எங்களுடையதை எழுதத் தொடங்கியிருக்கிறோம். பெயர்களை நண்பர் சொல்லித் தருகிறார்.