ஆதாயம் தரும் நம்பிக்கை

2021ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், அமெரிக்காவின் மயாமி நகரில் நடந்த பிட்காயின் மாநாட்டு மேடையில் ஓர் இளைஞர் கண்ணீர் மல்கப் பேசினார். ஜாக் மாலர்ஸ் என்பது அவர் பெயர். பிட்காயின் வழியாகப் பணம் அனுப்ப உதவும் நிறுவனம் ஒன்றின் தலைவர் அவர். நடு அமெரிக்காவின் சின்னஞ்சிறு நாடான எல் சால்வதோரில் சில காலம் தங்கி, வங்கிக் கணக்கு இல்லாத எளிய மக்களின் நிலையைக் கண்டு வந்திருந்தார். அவரது பேச்சை ஒட்டி, அந்நாட்டு அதிபர் நயீப் புகேலே அனுப்பிய ஒளிப்பதிவு திரையிடப்பட்டது. பிட்காயினைச் சட்டபூர்வ நாணயமாக்கும் மசோதாவைத் தம் நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்போவதாக அதிபர் அதில் அறிவித்தார். அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

இக்காட்சியின் பதிவை நான் பின்னாளில்தான் பார்த்தேன். மேடையில் அழுதவரைவிட, கீழே எழுந்து நின்றவர்களே என் நெஞ்சில் நிலைத்தார்கள். ஏறத்தாழ 12,000 பேர் கூடிய மாநாடு அது. கொரோனா முற்றிலும் ஓயாத காலத்தில் நெடுந்தொலைவிலிருந்தெல்லாம் வந்து தோளோடு தோள் நின்றார்கள். (அவர்களில் சிலர் நோயையும் உடன்கொண்டு வீடு திரும்பியதாகப் பின்னர்ச் செய்தி வந்தது.) அத்தகைய ஓர் ஆர்வலரைப் பற்றியே இங்கு எண்ணிப்பார்க்க விரும்புகிறேன்.

அவரைப் பேராசைக்காரர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமன்று. 2008ஆம் ஆண்டில் பெரும் வங்கிகள் சரிந்தபோது, சூதாடியவர்களை அரசுகள் மக்கள் பணத்தைக் கொண்டு காப்பாற்றியதை அவர் கண்டவர். அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் ஒருவர் வெளியிட்ட சில பக்கக் கட்டுரையிலிருந்து பிறந்ததே பிட்காயின். கணக்கேட்டை ஒரு வங்கி வைத்திராமல், உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தில் வைத்திருக்கும். மொத்தம் 2 கோடியே 10 இலட்சம் நாணயங்களுக்கு மேல் எவரும் உண்டாக்க முடியாது. எந்த அரசும் நினைத்தபோது அச்சடித்து ஏழையின் சேமிப்பைக் கரைத்துவிட இயலாது. இதில் ஒருவர் நீதியின் சாயலைக் கண்டால், அவரை நாம் நகைக்க வேண்டியதில்லை.

ஆனால் இங்கேதான் என் ஐயம் தொடங்குகிறது. நாணயங்களின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு; ஆகவே அவற்றை விரும்புவோர் பெருகினால் விலை ஏறும். அதாவது, அந்த அரங்கில் அமர்ந்திருப்பவர் புதிதாக ஒருவரை நம்பச் செய்தால், தம் கையிலுள்ளதன் மதிப்பும் கூடுகிறது. கருநாடக இசையில் ஈடுபாடு கொண்ட ஒருவர் தம் நண்பரைக் கச்சேரிக்கு அழைத்துச் சென்றால் அவருக்குக் காசு சேர்வதில்லை. தம் மகிழ்ச்சியைப் பகிர்கிறார், அவ்வளவே. சந்தையில் கத்தரிக்காய் விற்பவர் தம் சரக்கைப் புகழ்ந்தால் அவர் வணிகர் என்று நமக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று சிரித்துக்கொண்டே விலை பேசுகிறோம். மாநாட்டு ஆர்வலரின் நிலையோ இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது. அவர் இசை அன்பரைப்போல் பேசுகிறார்; வணிகரைப்போல் ஆதாயம் அடைகிறார். தாம் எந்த வேளையில் எவராக இருக்கிறோம் என்பது அவருக்கே தெளிவாகத் தெரியாது.

இதற்கு, "அவர் மனப்பூர்வமாகவே நம்புகிறாரே" என்று விடை கூறலாம். உண்மைதான். மயாமியில் சிந்தப்பட்ட கண்ணீர் பொய்யென்று நான் கருதவில்லை. ஆயினும் நேர்மையும் ஆதாயமும் ஒரே நெஞ்சில் சண்டையின்றிக் குடியிருக்கக் கூடியவை. ஆதாயம் தரும் நம்பிக்கையை நாம் சோதித்துப் பார்க்காமல் விடுவதற்குக் காரணமும் இதுவே. பொய் சொல்கிறவனுக்குத் தன் பொய் தெரியும், ஆனால் தன் நம்பிக்கையால் செல்வம் சேர்ப்பவனை எழுப்பிவிட உள்ளே எவரும் இல்லை. அதோடு, ஒத்த கருத்துடைய பல்லாயிரவர் சுற்றி நின்று கைதட்டும்போது, எதிர்க்கேள்வி கேட்கும் குரல் தம் உள்ளத்தில் எழுந்தாலும் அவருக்குக் கேட்பதில்லை. நம்பாதே, சரிபார் என்பது இவ்வியக்கத்தாரின் முழக்கம். கணக்கேட்டை அப்படிச் சரிபார்க்கக் கணினிகள் உண்டு. தம் ஆர்வத்தை அவர்கள் எதைக்கொண்டு சரிபார்ப்பது?

ஒரு வழி எனக்குத் தோன்றுகிறது. என்னிடம் அந்த நாணயம் ஒன்றுகூட இல்லாதிருந்தால் இதையே இவ்வளவு உரத்துச் சொல்வேனா? ஒரு மாத அரிசிப் பணத்தைத் தவிர வேறெதுவும் இல்லாதவர் என்னிடம் கேட்டால் அவருக்கும் இதையே சொல்வேனா? அரங்கத்தில் இருக்கை இல்லாத ஒருவரை மனத்தில் நிறுத்திக் கேட்கும் கேள்விகள் இவை.

அப்படி இருக்கை இல்லாதவர்கள் எல் சால்வதோரில் இருந்தார்கள். மாநாடு முடிந்த சில நாள்களிலேயே, 84 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றத்தில் 62 வாக்குகளால் சட்டம் நிறைவேறியது. செப்டம்பர் 7 முதல், தொழில்நுட்ப வசதி இல்லாதோர் நீங்கலாக, வணிகர் அனைவரும் பிட்காயினை ஏற்றே ஆக வேண்டும் என்றாயிற்று. அந்நாட்களில் இயேசு சபையாரின் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகம் எடுத்த கருத்தாய்வில், ஏறத்தாழ மூவரில் இருவர் இதை விரும்பவில்லை எனத் தெரிந்தது. அரசின் கைப்பேசிச் செயலியைப் பதிவிறக்கிய குடிமக்களுக்கு 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் அளிக்கப்பட்டது. பலர் அதைச் செலவழித்துவிட்டு அச்செயலியை மறந்தனர். வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் பணம் அந்நாட்டு வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதைக் குறைந்த செலவில் கொண்டுசேர்ப்பதே மேடையில் தரப்பட்ட வாக்குறுதி. ஆனால் அதில் மிகச் சிறு பங்கே இவ்வழியில் வந்தது. 2025 ஜனவரியில், பன்னாட்டு நிதியத்திடம் கடன் பெறுவதற்கான உடன்பாட்டை ஒட்டி, கட்டாயம் நீக்கப்பட்டது.

இடையில் விலை என்னவாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலரைத் தொட்டது. 2022 ஜூனில் 20,000 டாலருக்குக் கீழே விழுந்தது. கட்டாயம் நீக்கப்பட்ட நேரத்தில் 1 இலட்சம் டாலரையும் கடந்திருந்தது. பொறுமையாகக் காத்திருந்த ஆர்வலர்கள் செல்வரானார்கள். அந்நாட்டு அரசு வாங்கி வைத்த நாணயங்களின் மதிப்பும் உயர்ந்தது.

"பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது பலித்தது" என்கிறார் மயாமிக்குச் சென்று வந்தவர். விலை ஏறியது என்றால், வேறு பலரும் நம்பினார்கள் என்று பொருள். அந்தத் தாய்க்கு மகன் அனுப்பிய பணம் எப்படி வந்தது என்று நாம் கேட்டால், அவர் மீண்டும் விலையைத்தான் சொல்கிறார்.