பிறப்பும் படிநிலையும்

ஒரு விளையாட்டைப் பற்றி இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆயினும் விளையாட்டின் விதிகளும் மனிதர் எழுதியவையே; எழுதியவரின் நீதியுணர்வை அவை காட்டிக்கொடுத்துவிடும்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்ற விளையாட்டை உருவாக்கி வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, ஒரு கற்பனை உலகின் கதையைச் சேர்ந்து சொல்லிச் செல்வதே இவ்விளையாட்டு. அவ்வுலகில் மனிதரோடு எல்ஃப், குள்ளர், ஹொபிட் முதலிய இனங்களும் வாழ்கின்றன. அனுபவம் கூடக்கூடப் பாத்திரம் படிநிலைகளில் உயரும். மனிதனுக்கு உச்சவரம்பு கிடையாது. குள்ளப் போர்வீரனோ ஆறாம் படியோடு நிற்க வேண்டும். ஹொபிட்டுக்கு நான்காம் படியே எல்லை.

கைகாக்ஸ் தரப்பு நியாயத்தையும் புறந்தள்ள முடியாது. எல்ஃப் நூற்றாண்டுகள் வாழ்பவன். குள்ளன் இருளிலும் காண்பவன். இவர்களுக்குத் தடையேதும் இல்லையெனில் அவ்வுலகை மனிதன் ஆள்வது எங்ஙனம்? மேலும், ஆடுபவர்கள் மனிதர்கள். மனித மனத்தையே அவர்கள் அறிவர். எனவே மனிதன் அளவுகோலாவது இயல்பே.

ஆனால் வரம்பு எதன்மீது விதிக்கப்பட்டது என்பதே கேள்வி. செயலின்மீதல்ல, பிறப்பின்மீது. 1981இல் வந்த அடிப்படைப் பதிப்பு இதை இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது. அதில் மனிதன் போர்வீரனாகலாம், மதகுருவாகலாம், மந்திரவாதியாகலாம், திருடனாகவும் ஆகலாம். குள்ளனுக்கோ 'குள்ளன்' என்பதே தொழில். ஒருவருக்குத் தெரிவு; மற்றவருக்குச் சாதி.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு இவ்வரம்புகளை நீக்கியது. 2024இன் விதிநூல் 'இனம்' என்ற சொல்லையும் கைவிட்டு, 'உயிர்வகை' என்று பொருள்படும் சொல்லை வைத்தது. நல்ல மாற்றங்களே. எனினும் இங்கு இன்னொரு சிக்கல் எழுகிறது. வேற்றுமை யாவும் கரைந்துவிட்டால் எல்ஃப் என்பவன் கூரிய காதுள்ள மனிதனே. பிறகு அவன் அங்கே எதற்கு?

பத்தாம் நூற்றாண்டில் பஸ்றாவில் இயங்கிய இஹ்வானுஸ் ஸபா அறிஞர் குழுவின் எழுத்தில் இதற்கு ஒரு விடை கிடைக்கிறது. அவர்களது நிருபங்களுள் ஒன்றில், மிருகங்கள் ஜின்களின் அரசனிடம் மனிதனுக்கெதிராக வழக்குரைக்கின்றன. மனிதன் தன் உருவச் சிறப்பையும் அறிவையும் எடுத்துரைக்கிறான்; மிருகங்கள் அவற்றுக்கு மறுப்புச் சொல்கின்றன. மறுமையையும் இறைநேசர்களையும் முன்வைத்தே இறுதியில் அவன் வெல்கிறான். ஆயினும் தன் மேலாண்மைக்குக் காரணம் சொல்லும்படி அவன் கூண்டில் ஏற்றப்பட்டானே, அதுதான் அக்கதையின் பலம்.

மனிதன் ஆளும் கற்பனை உலகில் பிற இனங்களின் பணியும் இதுவே என்பது என் கருத்து. "எந்த உரிமையில் ஆள்கிறாய்?" என்று கேட்க அங்கே ஒருவர் இருக்க வேண்டும். அந்தக் குரலைக் கொடுக்காமல், படியை மட்டும் உயர்த்திக் கொடுப்பதால் நீதி நிறைவடையாது.

பல வருடங்களுக்கு முன், ஆசிரியர் அறையில் ஒரு மாணவனைப் பற்றி, "வாப்பாவைப் போலத்தான், சாதாரண தரம் தாண்டமாட்டான்" என்று சொன்னேன். வரவுப் பதிவேட்டுடன் அவன் வாசலில் நின்றதைப் பிறகுதான் கண்டேன். அவன் அந்தப் பரீட்சைக்குத் தோற்றவேயில்லை.

அண்மையில் என் மருமகன், "மாமா, குள்ளனாப் பிறந்தா ஆறுக்கு மேல ஏற ஏலா" என்று பழைய விதியைச் சிரித்தபடி விளக்கியபோது, அந்தப் பையனின் முகமே கண்முன் வந்தது. கைகாக்ஸ் காகிதத்தில் எழுதிய வரம்பை நான் ஒரு பிள்ளையின்மீது எழுதியிருக்கிறேன். அவன் என்னிடம் காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருந்திராது.